நடு நாற்காலி

விஜயநகரில் அந்தத் தெருவிலேயே பெரிய ஹால் பெர்னார்ட் வீட்டு ஹால்தான். அதில் ஒரே ஒரு ஆள் உட்காரலாம்.

சோபா இல்லை, டீப்பாய் இல்லை. டிவி படுக்கையறைக்குள் போய்ப் பல வருஷமாகிவிட்டது. ஹாலில் முன்பக்கம் மூன்று ஸ்பீக்கர், பின்பக்கம் இரண்டு, மூலையில் தரையோடு தரையாக அடிக்குரலுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. ஐந்து ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. நாற்காலியைத் தூக்கினால் அடியில், வெள்ளை டைல்ஸ் மேல், கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் சிலுவை மாதிரி ஒரு குறி இருக்கும். வீடு பெருக்கும்போது நாற்காலி நகர்ந்தால் திரும்ப அதே இடத்தில் வைப்பதற்காகப் போட்டது.

பெர்னார்டுக்கு நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவார். அங்கே இருக்கும் அழுத்தமானிகளும் தராசுகளும் உண்மை சொல்கின்றனவா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. இருபத்தெட்டு வருஷமாக அதையே செய்கிறவர் வீட்டிலும் எதையும் குத்துமதிப்பாக விடமாட்டார். காலித் தைல டப்பா ஒன்றில் ஒரு நைலான் நூல் சுற்றி வைத்திருந்தார். நாற்காலியில் தலை சாயும் இடத்தில் நூலின் ஒரு நுனியைப் பிடித்தால் மறுநுனி ஒவ்வொரு ஸ்பீக்கரின் முகத்தையும் சரியாகத் தொடவேண்டும். ஐந்துக்கும் ஒரே நூல். மாதத்தின் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் அளந்து பார்ப்பார். ஒரு விரற்கடை மாறியிருந்தாலும் யார் இடித்தது என்று கேட்கமாட்டார். சகாயமேரியை ஒரு பார்வை பார்ப்பார்.

சகாயமேரிதான் இடித்திருப்பாள். பின்பக்கத்து வலது ஸ்பீக்கர் சமையலறை வாசலில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. பதினோரு வருஷமாக அவள் ஒருக்களித்துத்தான் சமையலறைக்குள் போய் வந்தாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆண்கள் வார்டுக்கு ஹெட் நர்ஸ். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நுழைந்து பழகின உடம்பு. அங்கேயும் சந்து, இங்கேயும் சந்து என்று முணுமுணுத்துக்கொண்டே குழம்புச் சட்டியோடு நுழைந்துவிடுவாள்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெர்னார்டிடம் நாற்பத்தொரு டிஸ்க் இருந்தன. சாதாரண சிடியில் பாட்டு முன்னாலிருந்து வரும். இவற்றில் சுற்றிலுமிருந்து வரும். பாடுகிறவர்கள் முன்னால் நிற்பார்கள், அவர்கள் பாடிய கட்டடம் முதுகுக்குப் பின்னால் எழும்பி நிற்கும். கண்ணை மூடிக்கொண்டு கூரை எவ்வளவு உயரம் என்று சொல்லிவிடலாம்.

எல்லாவற்றிலும் அவருக்குப் பிடித்தது குளிர்நாடு ஒன்றில், கல் கோயிலில், பூசையின்போதே பதிவு செய்த டிஸ்க். அதில் லத்தீனில் ஒரு மாதா பாடல். ஏழு நிமிஷம் ஐம்பது வினாடி. நாலாவது நிமிஷத்தில் எல்லாக் குரல்களும் தணிந்து, ஒரே ஒரு குரல் மட்டும் தனியாக மேலே போகும். அந்த நேரம் பார்த்துப் பின்னால், இடதுபக்கம், யாரோ ஒருவர் இருமுவார். ஒரே ஒரு தடவை, வாயைப் பொத்திக்கொண்டு. பதிவு செய்தவர்கள் வெட்டி எறியாமல் விட்டுவைத்த இருமல். பெர்னார்டுக்கு அதன்மேல் தனிப் பிரியம். கடைசி பெஞ்சு, வயதானவர், கம்பளிக் கோட்டு, கையில் குல்லா என்று அந்த ஆளுக்கு ஒரு உருவமே கொடுத்து வைத்திருந்தார். இன்னொரு மனிதர் அந்த இருமலைக் கேட்டுச் சட்டென்று திரும்பிப் பார்க்க வேண்டும். பதினோரு வருஷத்தில் அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்களை அவர் கூட்டி வராமல் இல்லை. ஒவ்வொருவராகத்தான் கூட்டி வர வேண்டும், இருப்பது ஒரு நாற்காலி. உட்கார்ந்தவருக்கு முதல் அரை நிமிஷம் ஆச்சரியமாக இருக்கும். அதற்குப் பிறகு, கூட்டி வந்தவர் நின்றுகொண்டிருப்பது உறுத்தும். பேச முடியாது, எழுந்து நடக்க முடியாது, தலையை இந்தப் பக்கம் சாய்த்தால் பாட்டும் அந்தப் பக்கம் சரிந்துவிடும். ஒரு நிமிஷம் ஆனதும் தியேட்டர் மாதிரியே இருக்கு சார் என்பார்கள். அடுத்து, சண்டைப் படம் ஏதாவது இருக்கா, ஹெலிகாப்டர் வருகிற மாதிரி, என்பார்கள். ஸ்பீக்கர் விற்ற கடைக்காரர் அன்றைக்கே சொல்லித்தான் விற்றார். ஐந்து ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லாருமே ஹெலிகாப்டருக்காகத்தான் வாங்குகிறார்களாம். பாட்டுக்காக என்று சொல்லி வாங்கியவர் நீங்கள் ஒருவர்தான் என்று சொல்லிவிட்டு, திருப்பித் தர வந்துவிடாதீர்கள் என்பதுபோல் ரசீதைக் கையில் அழுத்தினார்.

கோயில் பாட்டுக்குழுவில் பெர்னார்டுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறவர் ஜேக்கப். டம்ளர் அளவுக்கு ஒரு புளூடூத் ஸ்பீக்கரைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். அவரை நாலு தடவை நாற்காலியில் உட்கார வைத்தாயிற்று. நாலாவது தடவை எழுந்துகொண்டே கேட்டார்.

"ஏன் பெர்னார்டு, பாட்டுக் கேக்க ஆடாம அசையாம உக்காரணும்னா அது பாட்டா, பல் டாக்டரா?"

அன்றிலிருந்து பாட்டுக்குழுவில் அதற்குப் பல் டாக்டர் நாற்காலி என்றே பெயர். ஜேக்கப்பின் டம்ளர் ஸ்பீக்கர் குளிக்கப் போகும்போது கூட வரும், மாடியில் துணி காயப்போடும்போது கூட வரும். பாட்டு மனிதர் பின்னால் வரவேண்டும் ஐயா, மனிதர் பாட்டைத் தேடிப் போய் உட்காரக்கூடாது என்பது ஜேக்கப்பின் கட்சி. பெர்னார்ட் நஞ்சன்கூட்டு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறார். இந்த மாதிரி டிஸ்க் வந்த புதிதில் கம்பெனிக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து இரண்டு விதமாகப் போட்டார்கள். இதில் ஓடுவது அதில் ஓடாது. எது ஜெயிக்கிறதென்று பார்த்து வாங்கலாம் என்று ஜனங்கள் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரத்தில் பாட்டு போனுக்குள் போய்விட்டது. பெர்னார்டின் பிளேயர் இரண்டையும் பாடும். துபாயிலிருந்து திரும்பிவந்த ஒருவர் வீட்டில் சும்மா கிடந்தது. டிஸ்குகளில் பாதி பெங்களூரில் ஒரு கடையில் சாதாரண சிடிக்களோடு கலந்து கிடந்தவை. கடைக்காரருக்கே என்ன வைத்திருக்கிறோம் என்று தெரியாது. பலர் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். சாதாரண பிளேயரில் போட்டால் அந்த டிஸ்க் சாதாரணப் பாட்டாகப் பாடிவிட்டு, தன்னிடம் இன்னும் மூன்று பக்கம் இருப்பதைச் சொல்லாமலே போய்விடும். பெங்களூரில் இருக்கும் மகள், இப்போது இதெல்லாம் ஹெட்போனிலேயே வருகிறது அப்பா என்று ஒரு லிங்க் அனுப்பினாள். கேட்டுப் பார்த்தார். கோயில் தலைக்குள் வந்துவிட்டதே தவிர அவர் கோயிலுக்குள் போகவில்லை.

இதெல்லாம் பெர்னார்டின் கவலை. சகாயமேரிக்கு வேறு கவலை இருந்தது.

அக்டோபர் ஜெபமாலை மாதம். அந்தக் கன்னட ஊரில் சுற்றுவட்டாரத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குள் ஒரு வழக்கம். மாதா சொரூபம் ஒன்று மாதம் முழுக்க வீடு வீடாகப் போகும். ஒரு சாயங்காலம் ஒரு வீட்டுக்கு வந்தால் எல்லாரும் அங்கே கூடி ஜெபமாலை சொல்வார்கள். மாதா அன்றிரவு அங்கே தங்கி மறுநாள் சாயங்காலம் அடுத்த வீட்டுக்குப் புறப்படுவாள். எந்த வீட்டுக்கு எந்தத் தேதி என்று நோட்டுப் போட்டு வைத்திருப்பவர் ஜூலி டீச்சர். செப்டம்பரில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து டீ எடுக்கப் போன டீச்சர் நோட்டை பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனார். சகாயமேரி சும்மா புரட்டினாள்.

பெர்னார்ட் – சகாயமேரி என்று எழுதி, நேர் எதிரே பச்சை மையில் 'இடமில்லை' என்றிருந்தது. அது ஏழு வருஷத்துக்கு முந்தைய பக்கம். அடுத்தடுத்த வருஷங்களில் டீச்சர் அவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்ளவில்லை. 'மேற்படி'. 'மேற்படி'. 'மேற்படி'.

தெருவிலேயே பெரிய ஹால். சகாயமேரி நோட்டை மூடி வைத்தாள். டீச்சர் டீயோடு வந்ததும், இந்தத் தடவை பதினாலாம் தேதி எங்கள் வீடு என்று எழுதிக்கொள்ளச் சொன்னாள். டீச்சர் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுதினார். பென்சிலில்.

அன்று மத்தியானம் பெர்னார்ட் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் விஷயத்தைச் சொன்னாள். பெர்னார்ட் சந்தோஷம் என்றார். கொஞ்சம் கழித்து, மாதாவை எங்கே வைப்பது என்று கேட்டார். ஹாலில் என்றாள். ஹாலில் எங்கே என்றார். அதைத்தான் நானும் கேட்கிறேன் என்றாள்.

மொட்டைமாடியில் பந்தல் போடலாம் என்றார் அவர். அக்டோபரில் சாயங்கால மழை வரும் என்றாள். படுக்கையறை என்று ஆரம்பித்தார். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏனுங்க, நான் பொறந்த ராமாபுரத்துல எங்க வீடு ஒத்தை ரூமு. அதுல ஒரு ஓரமா ஆட்டைக் கட்டியிருப்போம். அந்த வீட்டுக்கே வருஷா வருஷம் மாதா வந்தாங்க."

பெர்னார்ட் மோர் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்துவிட்டார்.

அவர் பயம் என்ன என்று அவளுக்கும் தெரியாமல் இல்லை. ஸ்பீக்கர்களைக் கழற்றி உள்ளே தூக்கி வைத்துவிட்டால் திரும்ப அப்படியே நிறுத்த எத்தனை ஞாயிறு ஆகுமோ. முதல் தடவை நிறுத்த நாலு மாதம் ஆனது. நூலின் நீளம் மட்டும் போதாது. எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பி நிற்கவேண்டும் என்பது நூலுக்குத் தெரியாது. இரண்டு நாள் பெர்னார்ட் வேலை முடிந்து வந்ததும் ஹாலில் நின்று கணக்குப் போட்டார். மூன்றாம் நாள் ஒரு தீர்வோடு வந்தார். ஸ்பீக்கர்கள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். முன்சுவரோரம், ஸ்பீக்கர்களுக்கு நடுவே, மாதாவுக்கு ஸ்டூல் போட இடம் இருக்கிறது. ஜனங்கள் பாய் விரித்து ஸ்பீக்கர்களுக்கு இடையிலேயே உட்காரட்டும். நாற்காலி மட்டும் நடுவில் இருக்கட்டும், அதில் யாராவது முழங்கால் வலிக்காரர் உட்காரலாம். முழங்கால் வலிக்காரர் என்று அவர் மனதில் வைத்திருந்தது ஜேக்கப்பை.

இன்னும் ஒன்றும் கேட்டார். ஜெபம் முடிந்ததும், டீக்கு முன்னால், அந்த லத்தீன் மாதா பாடலைப் போடலாமா?

"எத்தனை நிமிஷம்?" என்றாள் சகாயமேரி.

"எட்டு."

"டீ ஆறிப்போயிரும்."

"எட்டுகூட இல்ல. ஏழு அம்பது."

அவள் சரி என்றாள். ஏழு வருஷத்து மேற்படிக்கு ஏழு நிமிஷம் கொடுத்தால் என்ன என்று தோன்றியிருக்கும்.

அதற்குப் பிறகு பெர்னார்டைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். பதினோரு வருஷமாக ஒவ்வொருவராகக் கூட்டிவந்து தோற்றவர் வீட்டுக்கு ஒரே சாயங்காலம் இருபத்தைந்து பேர், கூப்பிடாமலே, வந்து உட்காரப் போகிறார்கள். ஜெபம் சொல்லி மனது அடங்கியிருக்கும் நேரம். பாட்டோ மாதா பாட்டு. இதைவிட நல்ல வேளை அமையாது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவரிடம்கூட அதைச் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டார்.

பதினாலாம் தேதி என்று பார்த்து தொழிற்சாலையில் ஒரு தராசு பிடிவாதம் பிடித்தது. காலியாக இருக்கும்போதே நாற்பது கிராம் காட்டியது. அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து கையெழுத்துப் போட்டு வெளியே வருவதற்குள் ரயில் போய்விட்டது. பஸ் பிடித்து, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தபோது வாசல் முழுக்கச் செருப்பு.

உள்ளே எட்டிப் பார்த்தார். முன்சுவரோரம் யாரோ குழந்தையைத் தூங்கப் போட்டிருந்தார்கள். பிரம்பு நாற்காலி எங்கேயோ போய்விட்டது. ஹாலின் நட்டநடுவில் ஸ்டூல், ஸ்டூல்மேல் வெள்ளைத் துணி, அதன்மேல் மல்லிகைச் சரம் போட்டு மாதா நின்றிருந்தாள். ஸ்டூலின் நான்கு கால்களுக்கும் நடுவே, தரையில், அவருடைய கறுப்பு டேப் சிலுவை.

ஜூலி டீச்சர் அவரைப் பார்த்ததும் எழுந்து வந்தார். கண் கலங்கியிருந்தது.

"அண்ணா, நாற்காலியைத் தூக்கினதும் சிலுவை தெரிஞ்சுது. எல்லாருக்கும் அப்படியே புல்லரிச்சுப் போச்சு. மாதாவுக்கு இடம் குறிச்சே வச்சிருக்கீங்க. அதுவும் அளந்து வச்ச மாதிரி சரியா நடுவுல."

பெர்னார்ட் வாயைத் திறந்தார். டீச்சரின் தோளுக்குப் பின்னால் சமையலறை வாசலில் சகாயமேரி ஒரு தட்டு நிறைய டம்ளர்களோடு ஒருக்களித்து நின்றுகொண்டிருந்தாள். உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் அது எதற்குப் போட்ட குறி என்று. பதினோரு வருஷமாக அதைச் சுற்றிப் பெருக்குகிறவள்.

"ஆமா டீச்சர்," என்றார் பெர்னார்ட். "சரியா நடுவுலதான்."

சகாயமேரி உள்ளே போனாள்.

வைத்த மாதாவை மறுநாள் சாயங்காலம் வரை அசைக்கக்கூடாது. பெர்னார்ட் கண்ணாலேயே அளந்தார். மாதாவின் முக்காட்டுத் தலை, அவர் உட்கார்ந்தால் காது வருகிற அதே உயரத்தில் இருந்தது. நூல் தேவைப்படவில்லை.

ஜெபமாலை தொடங்கியது. பத்துப் பத்து மணியாக ஐந்து பகுதிகளை ஐந்து பேர் முறை வைத்துச் சொல்வார்கள். அவரவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே. ஒருவர் பாதி ஜெபத்தைச் சொல்ல மீதியை எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். மின்விசிறிக் காற்றில் மாதாவின் முன்னிருந்த மெழுகுவர்த்தி அணைந்து அணைந்து போனதால் வீட்டுக்காரரான பெர்னார்ட் தீப்பெட்டியோடு பக்கத்திலேயே முழங்காலிட வேண்டியதாயிற்று. ஜேக்கப்பின் கனத்த குரல் நேர் முன்னாலிருந்து வந்தது. பதில் ஜெபம் இடமும் வலமும் பின்னாலும், வாசல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து கொஞ்சம் தாமதமாகவும் வந்தது. நாலாவது பத்தை யாரோ பின்பக்கம் வலதுமூலையிலிருந்து ஆரம்பித்தார்கள். தெளிவான, அவசரமில்லாத குரல். யார் என்று இரண்டு வரிக்குப் பிறகுதான் பெர்னார்டுக்குத் தெரிந்தது. சகாயமேரி. இத்தனை வருஷமாக அவள் அந்த வாசலில் நின்று கூப்பிட்டதெல்லாம் பாட்டுக்கு மேலே கூப்பிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தீக்குச்சி விரல்வரை எரிந்து வந்தபோது உதறினார்.

ஜெபம் முடிந்ததும் டிஸ்கைப் போட்டார். முன்னுரை ஒன்று தயார் செய்து வைத்திருந்தார், சொல்லவில்லை. இரண்டு நிமிஷம் எல்லாரும் கைகட்டி, மரியாதையாக, மாதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெர்னார்ட் அவர்களைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முன்னால் நடு ஸ்பீக்கரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த ஜேக்கப்புக்குக் காதில் விழுவது ஒரே ஒரு ஆணின் குரல். மூலைப் பெட்டியில் சாய்ந்திருந்தவருக்கு முதுகில் அதிர்வு. படிக்கட்டில் இருப்பவர்களுக்கு எங்கேயோ யாரோ பாடுகிறார்கள். இருபத்தாறு பேருக்கும் இருபத்தாறு பாட்டு. அவர் சொல்ல நினைத்த பாட்டு அந்த ஹாலில் ஓர் இடத்தில்தான் இருந்தது. அங்கே மாதா நின்றிருந்தாள்.

நாலாவது நிமிஷம் வந்தது. குரல்கள் தணிந்தன. ஒரு குரல் மட்டும் மேலே போனது.

பின்பக்கம் இடது ஸ்பீக்கரில் சாய்ந்தாற்போல் உட்கார்ந்திருந்தவள் சித்தம்மா. பக்கத்து வீட்டுக்காரி, கன்னடக்காரி, மாதா வந்திருக்கிறாள் என்று பூ வாங்கிக்கொண்டு வந்தவள். இருமல் கேட்டதும் அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், யாரையும் காணாமல் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"மேரியம்மா, யாருக்கோ கெம்மு வந்திட்டிருக்கு. கொஞ்சம் பிசிநீர் கொடும்மா, பாவம்."

இருமல் என்றால் சகாயமேரிக்குக் கால் தானாக நடக்கும். கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை ஒரு டம்ளரில் ஆற்றி எடுத்துக்கொண்டு வந்து, முகம் முகமாகப் பார்த்தாள். யாரும் இருமவில்லை. யாரும் இருமியதாகவும் ஒத்துக்கொள்ளவில்லை. பாட்டின் மிச்சம் முழுக்க அந்த வெந்நீர் கைமாறிக்கொண்டே போனது. கடைசியில் பெர்னார்ட் கையை நீட்டி வாங்கி, தானே குடித்தார்.

பிறகு டீயும், அந்த ஊரில் உப்பிட்டு என்கிற உப்புமாவும். ஒவ்வொருவரும் வந்து பாட்டு நன்றாக இருந்தது என்றார்கள். சாமியார் ஒருவரே தனியாகப் பாடியது உருக்கம் என்றார் ஜேக்கப். தனியாகவா, நாற்பது பேர் பாடியிருக்கிறார்கள் என்று பெர்னார்ட் சொன்னதற்கு, மற்ற முப்பத்தொன்பது பேர் லீவா என்று கேட்டார். இன்னொருவர், எங்கள் வீட்டிலும் இந்த மாதிரி அஞ்சு இருக்கிறது, ஒன்று கிச்சனில், ஒன்று மாடியில், எங்கே போனாலும் பாட்டுக் கேட்கும், நீங்கள் ஏன் எல்லாவற்றையும் ஒரே ரூமில் வைத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். பெர்னார்ட், இன்னும் கொஞ்சம் உப்பிட்டு வைக்கட்டுமா என்றார்.

ஜூலி டீச்சர் போகும்போது நோட்டை வெளியே எடுத்தார். பென்சிலில் எழுதியிருந்த தேதியின்மேல் பச்சை மையில் அழுத்தி எழுதினார். சகாயமேரி எட்டிப் பார்ப்பது தெரிந்தே நோட்டைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த வருஷம் முதல் நாள் உங்க வீடுதான் அக்கா. மாதாவுக்குன்னு நிரந்தரமா இடம் குறிச்ச வீடு இங்க வேற எது இருக்கு?"

எல்லாரும் போன பிறகு இருவரும் பாய்களைச் சுருட்டினார்கள். பெர்னார்ட் மாதாவின் முன் வந்து நின்றார். ஒருத்தருக்கும் சரியாகக் கேட்கவில்லை என்றார், புகார் மாதிரி இல்லாமல்.

"நடுவுல நின்னவங்களுக்குக் கேட்டிருக்கும்," என்றாள் சகாயமேரி.

நவம்பர் முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பெர்னார்ட் தைல டப்பாவைத் திறந்தார். நாற்காலி பழைய இடத்துக்கு வந்திருந்தது. முன் மூன்றும் சரி. பின் இடது, சித்தம்மா சாய்ந்ததில் ஒரு விரற்கடை. பின் வலதுக்கு நூலைப் பிடித்தபோது நூல் ஸ்பீக்கரைத் தொடாமல் காற்றில் நின்றது. முழுசாக ஒரு அடி. பதினாலாம் தேதி டம்ளர் தட்டுகள் போய்வர யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். யாரோ என்ன, அவளேதான்.

அவர் வழக்கமான பார்வையோடு நிமிர்ந்தார். சகாயமேரி சமையலறையிலிருந்து சாதப் பானையை எடுத்துக்கொண்டு வந்தாள். நேராக வந்தாள். தோள் இரண்டும் வாசலுக்குள் அடங்க, சாதாரணமாக எல்லா வீட்டிலும் எல்லாரும் வருவதுபோல. திரும்பிப் போனபோதும் நேராகத்தான் போனாள். அது அவளுக்கே தெரிந்ததாகத் தெரியவில்லை. பெர்னார்ட் பானை போய் வந்த வழியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதினாறு நாளாகத் தினமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஒரு அடி. அவருக்கும் தெரியவில்லை.

நூலைச் சுற்றி டப்பாவில் வைத்து மூடினார்.

ஒன்று சரியாக இல்லை என்று தெரிந்த பிறகு மற்றதை மட்டும் சரியாக வைத்துக்கொண்டிருப்பதில் அவருக்கு அர்த்தம் தெரியவில்லை. அடுத்த வாரம் சமையலறையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று ஹாலுக்கு வந்தது. பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் அதைப் போட்டு, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். டேப் சிலுவை இரண்டு நாற்காலிக்கும் இடையில், வெறும் தரையில், திறந்து கிடந்தது. யார் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு அடி தப்பு. இரண்டு பேருக்கும் ஒரே அளவு தப்பு. அதை அவர் அளந்துதான் வைத்தார்.

சகாயமேரி உடனே வந்து உட்கார்ந்துவிடவில்லை. வார்டு, சமையல், துணி. டிசம்பரில் அவரைக்காய் வர ஆரம்பித்த பிறகு, ஒரு ஞாயிறு சாயங்காலம், உரிப்பதற்கு வெளிச்சம் ஹாலில்தான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு மடியில் முறத்தோடு வந்து உட்கார்ந்தாள். பெர்னார்ட் எந்த டிஸ்க் என்று சொல்லாமல் போட்டார். பாட்டு சுற்றிலும் எழுந்தது. இடதுபக்கம் அதோடுகூட, பதிவில் இல்லாத ஒரு சத்தம், பாத்திரத்தில் அவரைக்கொட்டை விழும் சத்தம், விட்டு விட்டுக் கேட்டது. நிறுத்தச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

நாலாவது நிமிஷம். குரல்கள் தணிந்தன. ஒன்று மட்டும் மேலே போனது. பின்னால் இடதுபக்கம் கம்பளிக் கோட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

சகாயமேரி திரும்பிப் பார்க்கவில்லை. முறத்திலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"இந்த மனுசனுக்கு இன்னும் நிக்கலீங்களா? ரெண்டு மாசமாச்சு. ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கச் சொல்லணும்."

பெர்னார்ட் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தார். பாட்டு இன்னும் மூன்றேமுக்கால் நிமிஷம் இருந்தது.